301 வந்தா டைரியை மாத்து!

மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸிலிருந்து காலையில் கிளம்பும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்ப் பழகியவரா நீங்கள்? அப்படியென்றால் அந்த ரூட் உங்களுக்கே தெரியும். மீஞ்சூர் தாண்டினால் மூச்சு விடலாம். பொன்னேரியில் உட்கார இடம் கிடைக்கும். கவரைப்பேட்டை வந்ததும் பையிலிருந்து ஐடி கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்ட வேண்டும். போன செமஸ்டர் லீவில் 15 நாள் நானும் அப்படித்தான் போய் வந்தேன். இன்-பிளான்ட் ட்ரெயினிங். சிப்காட் பக்கம் ஒரு ரீ-ரோலிங் மில். பெயர் வேண்டாம், அவர்கள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

நான் ஈசிஇ. ஆனால் "கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் சார்" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், கம்பெனியில் இருக்கிற எல்லாப் பிரிண்டரும் நம் தலையில்தான். முதல் நாள் பிரிண்டர். இரண்டாம் நாள் இந்தக் கதை.

பில்லெட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில் ஒரு தெர்மோகப்பிள். அதிலிருந்து ஒரு டேட்டா லாகர். அதிலிருந்து தூசி படிந்த ஒரு பழைய பிசி. அந்த பிசியில் யாரோ ஒரு முன்னாள் எஞ்சினியர் எழுதி வைத்துவிட்டுப் போன பைத்தான் ஸ்கிரிப்ட், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை சென்னை ஆபீஸில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். நான் போன வாரத்தில் ஆபீஸில் இருந்து புகார்: 11 நாளாக கிராஃப் காலி.

சந்தேகம் யார் மேல் விழுந்தது தெரியுமா? இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் மேல். "நைட்ல போன் சார்ஜ் போட பிசி ப்ளக்கைப் பிடுங்கிடறான்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கான்ட்ராக்ட் ஆள். விளக்கம் கேட்டு மெமோ டைப் ஆகி, கையெழுத்துக்காக சூப்பர்வைசர் மேஜையில் கிடந்தது. டீ டைமில் என்னிடம் வந்தார். "தம்பி, அந்த டப்பாவை நான் தொட்டதே இல்ல. நீங்க படிக்கிற புள்ள, கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். ஸ்கிரிப்ட் ஒரு லாக் ஃபைல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 96 வரி, 11 நாளுக்கு 1,056 வரி. ஒரு வரி கூட விடுபடவில்லை. ஒவ்வொரு வரியிலும் "அனுப்பியாச்சு, 200". பிசி ஒரு நிமிடம்கூட அணையவில்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். சூப்பர்வைசரிடம் காட்டினேன். அவர் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்: "எல்லாம் போயிடுச்சுன்னு அது சொல்லுது, ஒண்ணும் வரலன்னு ஆபீஸ் சொல்லுது. அப்ப டேட்டா எங்கப்பா?"

200 என்றால் வெற்றி என்றுதான் நாம் எல்லோரும் லேபில் படித்திருக்கிறோம். பிறகு எப்படி? டெர்மினலைத் திறந்து, ஸ்கிரிப்ட் அனுப்பும் அதே முகவரியை கர்ல் கட்டளையில் போட்டுப் பார்த்தேன். கர்ல் தானாக எந்த வழிமாற்றத்தையும் பின்தொடராது. நாம் கேட்டால்தான் தொடரும். அதனால் உண்மை பட்டென்று வெளியே வந்தது. சர்வர் சொன்ன முதல் பதில் 200 இல்லை, 301. கூடவே லொக்கேஷன் என்ற ஹெடரில் ஒரு புது முகவரி. பழைய முகவரியேதான், முன்னால் ஹெச்டிடிபி இருந்த இடத்தில் ஹெச்டிடிபிஎஸ். 11 நாளுக்கு முன்னால் ஆபீஸில் யாரோ நல்ல எண்ணத்தோடு சர்வரைப் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றி, பழைய முகவரிக்கு வருகிறவர்களை எல்லாம் புதியதற்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

சரி, திருப்பிவிட்டால் டேட்டாவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மாமா வீடும் புது வீடும்

முதலில் 3-ல் தொடங்கும் இந்த எண்களைப் பார்த்துவிடுவோம். உங்கள் தெரு தபால்காரரிடம் நீங்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம். "அண்ணே, ரெண்டு வாரம் ஊர்ல இருக்க மாட்டோம், தபால் வந்தா மாமா வீட்டுல குடுத்துடுங்க." இது தற்காலிகம். "அண்ணே, வீடு காலி பண்ணிட்டோம், இனிமே இந்த அட்ரஸ்தான்." இது நிரந்தரம். இரண்டிலும் இன்றைய தபால் சரியான இடத்துக்குத்தான் போகிறது. வித்தியாசம் தபால் அனுப்புகிறவருக்குத்தான். முதல் வகையில் அவர் டைரியில் எதையும் மாற்றக் கூடாது. இரண்டாவது வகையில் மாற்றியே ஆக வேண்டும். பழைய தெருத் தபால்காரர் ஆயுளுக்கும் நம் தபாலைச் சுமந்துகொண்டு இருக்க மாட்டார் இல்லையா?

வெப்பிலும் இதேதான். 301, 308 இரண்டும் "வீடு காலி". 302, 303, 307 மூன்றும் "இப்போதைக்கு அங்கே போய்ப் பார்". 304 இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் வழிமாற்றம் இல்லை. "நீ வைத்திருக்கும் காப்பியே போதும், எதுவும் மாறவில்லை" என்று அதற்குப் பொருள். இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்ட ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு.

இத்தனை எண் எதற்கு, இரண்டு போதாதா என்று கேட்பீர்கள். 1996 மே மாதம் ஹெச்டிடிபி 1.0 ஆவணமாக (ஆர்எஃப்சி 1945) வந்தபோது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது: நிரந்தரத்துக்கு 301, தற்காலிகத்துக்கு 302. பிரச்சினை போஸ்ட் கோரிக்கையில் வந்தது. ஒரு ஃபார்மை நிரப்பி அனுப்புகிறீர்கள், சர்வர் "வேறு இடத்துக்குப் போ" என்கிறது. புது இடத்துக்கு அந்த ஃபார்மையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, வெறும் கையோடு போய் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கினால் போதுமா? தூக்கிக்கொண்டு போ என்பதுதான் ஆவணத்தின் நோக்கம். பிரவுசர்கள் வெறும் கையோடு போயின. ஊர் முழுக்க ஒரு தப்பை ஒரே மாதிரி செய்தால் அதுவே வழக்கமாகிவிடும் இல்லையா? பிறகு எழுதியவர்கள்தான் வளைந்து கொடுத்தார்கள். வெறும் கையோடு போ என்று வெளிப்படையாகச் சொல்ல 303, சுமையோடு போ என்று சொல்ல 307 என்று ஹெச்டிடிபி 1.1 காலத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். நிரந்தரத்துக்கு மட்டும் "சுமையோடு போ" என்ற எண் ரொம்ப நாள் இல்லவே இல்லை. 308 என்ற அந்த எண் முறையாக வந்தது 2015 ஏப்ரலில்தான், ஆர்எஃப்சி 7538-ல். 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110-லும் 301-க்குக் கீழே வரலாற்றுக் காரணங்களால் போஸ்ட் கெட்டாக மாறலாம் என்ற குறிப்பு இருக்கிறது.

இப்போது மில்லுக்குத் திரும்புவோம். ஸ்கிரிப்ட் பயன்படுத்தியது ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி. நாம் எல்லோரும் பயன்படுத்துகிற அதேதான். அது வழிமாற்றங்களைத் தானாகவே பின்தொடரும். பிரவுசர்கள் செய்வதையே அதுவும் செய்யும்: போஸ்ட் அனுப்பி 301 வந்தால், உள்ளே இருந்த டேட்டாவைக் கீழே போட்டுவிட்டு, புது முகவரிக்கு கெட்டாகப் போகும். அந்த முகவரியில் கெட் கேட்டால் "சேவை இயங்குகிறது" என்று ஒரு வரி வரும், 200-உடன். ஸ்கிரிப்ட் கடைசியில் கிடைத்த அந்த 200-ஐப் பார்த்து, சந்தோஷமாக "அனுப்பியாச்சு" என்று எழுதிவிட்டது.

1,056 தடவை டெலிவரி பாய் வீட்டு வாசல் வரை போய், பார்சலை வழியிலேயே போட்டுவிட்டு, வெறும் கையோடு காலிங் பெல் அடித்து, "வீட்ல ஆள் இருக்காங்க" என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறான். ஸ்கிரிப்டின் கணக்கில் ஒன்றுகூடத் தோல்வி இல்லை.

ஸ்கிரிப்டில் எப்படிப் பார்ப்பது

கோடை இங்கே ஒட்டவில்லை. ஒட்டினால் காப்பி-பேஸ்ட் பண்ணிவிட்டுப் போய்விடுவீர்கள், எனக்குத் தெரியும். சொல்கிறேன், நீங்களே டைப் பண்ணுங்கள். பத்து, பதினைந்து வரிக்கு மேல் வராது.

ரிக்வெஸ்ட்ஸ் தரும் பதிலில் ஹிஸ்டரி என்று ஒரு பட்டியல் ஒளிந்திருக்கிறது. கடைசிப் பதிலுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் வழியில் சந்தித்த எல்லாப் பதில்களும் அதில் வரிசையாக இருக்கும், பழையது முதலில். அந்த மில் ஸ்கிரிப்டில் ஹிஸ்டரி காலியா என்று ஒரே ஒரு இஃப் போட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். காலி என்றால் நேராகப் போய்ச் சேர்ந்தோம். காலி இல்லை என்றால் யாரோ நடுவில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பதிலிடமும் "இஸ் பெர்மனென்ட் ரீடைரக்ட்" என்ற பண்பைக் கேட்கலாம் (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்). லொக்கேஷன் ஹெடர் இருந்து, எண் 301 அல்லது 308 ஆக இருந்தால் ட்ரூ வரும்.

ஆனால் பின்தொடர விட்டுவிட்டுப் பிறகு ஹிஸ்டரியைப் பார்ப்பது, படிக்கிற வேலைக்கு மட்டும்தான் சரி. எதையாவது அனுப்புகிற ஸ்கிரிப்ட் என்றால் பின்தொடரவே விடாதீர்கள். "அலவ் ரீடைரக்ட்ஸ்" என்ற அளபுருவுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் முதல் பதிலோடு நின்றுவிடும். 3-ல் தொடங்கும் எண் வந்தால் டேட்டாவை அந்த பிசியிலேயே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, மனுஷனைக் கூப்பிடட்டும். அனுப்புகிற டேட்டாவில் பாஸ்வேர்டோ ஏபிஐ சாவியோ இருக்கலாம். யாரோ நீட்டிய முகவரிக்கு அதைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல பழக்கம் இல்லை. (முகவரியில் ஹோஸ்ட் பெயரே மாறினால், ஆத்தரைசேஷன் ஹெடரை ரிக்வெஸ்ட்ஸ் தானாகக் கழற்றிவிடும். ஆனால் நீங்களே புதிதாகப் பெயர் வைத்து ஒரு ஹெடரில் சாவியை அனுப்பினால் அதற்கு இந்தக் காவல் கிடையாது.)

இன்னொரு கோணம். ரிக்வெஸ்ட்ஸ் இல்லாமல் பைத்தானோடு வரும் யூஆர்எல்-லிப்பையே பயன்படுத்துகிறவர்கள் கவனிக்கவும்: அதுவும் தானாகப் பின்தொடரும், ஆனால் 308-ஐப் பின்தொடரக் கற்றுக்கொண்டது பைத்தான் 3.11-ல்தான். பழைய வெர்ஷனில் 308 வந்தால் எரர் அடித்து நின்றுவிடும். என்னைக் கேட்டால் அதுவே மேல். கத்திவிட்டு விழுகிற ஸ்கிரிப்டை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். சிரித்துக்கொண்டே பொய் சொல்கிற ஸ்கிரிப்ட்தான் 11 நாளைச் சாப்பிடும்.

சங்கிலியில் எந்தக் கண்ணியை எழுதுவது

இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. நிறையப் பேர் தப்பு பண்ணுவது இங்கேதான்.

நம் இதழிலேயே பழைய கட்டுரைகளில் எத்தனையோ சுட்டிகள் இருக்கின்றன. அவற்றை ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டிப் புதுப்பிக்கிறோம் என்று வையுங்கள். அ என்ற முகவரியைக் கேட்டால் 301 சொல்லி ஆ-வுக்கு அனுப்புகிறது. ஆ-வைக் கேட்டால் 302 சொல்லி இ-க்கு அனுப்புகிறது. இ-யில் 200. இப்போது அ-வை அழித்துவிட்டு எதை எழுதுவீர்கள்?

அவசரப்பட்டால் இ என்போம், கடைசியில் அங்கேதானே போய்ச் சேர்ந்தோம் என்று. தப்பு. ஆ-தான் சரி. அ வீடு மாறி ஆ-வுக்குப் போய்விட்டது. அது உறுதி. ஆ-வில் இருப்பவர் இப்போதைக்கு மாமா வீடான இ-யில் இருக்கிறார். நாளைக்குத் திரும்பி வந்துவிடுவார். மாமா வீட்டு அட்ரஸை டைரியில் எழுதினால் அடுத்த மாதம் தபால் அம்போ. வரிசை மாறி, முதலில் 302, பிறகு 301 என்றால்? டைரியில் எதையும் மாற்றக் கூடாது. தற்காலிகமாகப் போன இடத்தில்தான் வீடு மாறியிருக்கிறது, அது நம் கவலை இல்லை.

இதைச் செய்ய ஹிஸ்டரி பட்டியலை முதலிலிருந்து நடங்கள். நிரந்தரமில்லாத முதல் பதில் வந்ததும் நில்லுங்கள். அந்தப் பதிலுக்கு உரிய முகவரிதான் டைரியில் எழுத வேண்டியது. பட்டியல் முழுக்க நிரந்தரம் என்றால், கடைசியாகக் கிடைத்த பதிலின் முகவரி. அவ்வளவுதான். பேப்பரில் மேலே சொன்ன இரண்டு வரிசையையும் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

நீங்களே ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ஒன்று, லொக்கேஷனில் எப்போதும் முழு முகவரி வரும் என்று நம்ப வேண்டாம். வெறும் சாய்கோட்டில் தொடங்கும் பாதி முகவரியும் வரலாம், அதைப் பழைய முகவரியோடு சேர்த்து முழுதாக்க "யூஆர்எல் ஜாயின்" இருக்கிறது. இரண்டு, எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள். அ ஆ-வைக் காட்டும், ஆ அ-வைக் காட்டும், தாலுகா ஆபீஸுக்கும் விஏஓ ஆபீஸுக்கும் நடுவில் நாம் அலைவது போல ஸ்கிரிப்ட் அலையும். ரிக்வெஸ்ட்ஸ் 30 தடவைக்கு மேல் போகாது. கர்ல், பின்தொடரச் சொன்னால், 50. நம் வேலைக்கு 10 தாராளம்.

சர்வருக்குச் சுமை வேண்டாமே என்று ஹெட் கோரிக்கை மட்டும் அனுப்பிச் சோதிப்பது நல்ல எண்ணம்தான். ரிக்வெஸ்ட்ஸில் ஹெட் மட்டும் இயல்பாகப் பின்தொடராது என்பதும் நமக்கு வசதி. ஆனால் சில சர்வர்களுக்கு ஹெட் பிடிக்காது, 405 சொல்லும். அப்போது கெட்டில் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் வைத்தோ மெட்டா டேக் வைத்தோ தள்ளிவிடும் தளங்களும் உண்டு. அவை 200-தான் சொல்லும், இந்தச் சோதனையில் மாட்டாது. பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: குரோமில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் சில சமயம் "307 இன்டர்னல் ரீடைரக்ட்" என்று வரும். அது சர்வர் சொன்னது இல்லை. இந்தத் தளத்துக்குப் பாதுகாப்பான இணைப்பில் மட்டும்தான் போக வேண்டும் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு குரோம் தானே செய்கிற திருப்பம். சர்வர் என்ன சொல்கிறது என்று தெரிய கர்ல்தான் நம்பகம்.

அரசாணையும் திரும்பப் பெறப்படும்

நிரந்தரம் என்று சொன்னதும் உடனே நம்பி மாற்றிவிடலாமா? 2020 ஜூனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியே வந்தது. கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் ஆங்கிலத்தில் புது உருவம் எடுத்தன. சமூக வலைத்தளங்களில் ஒரே கலாட்டா. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள். அந்தச் சில நாளுக்குள் அவசரமாகப் போர்டையும் லெட்டர்ஹெட்டையும் மாற்றிய ஒருவரை நினைத்தால் எப்படி இருக்கும்?

301-ம் அப்படித்தான். சர்வரை அமைக்கிறவர்களுக்குப் பழக்க தோஷத்தில் 301 போட்டுவிட்டு, அடுத்த நாள் மனம் மாறும். மாறினாலும் பிரவுசர்கள் விடாது. காலாவதி நேரம் எதுவும் சொல்லப்படாவிட்டால் 301-ஐ மனதில் வைத்துக்கொள்ள அவற்றுக்கு அனுமதி உண்டு. அடுத்த முறை சர்வரைக் கேட்காமலேயே நேராகப் புது இடத்துக்குப் போய்விடும். "எனக்கு மட்டும் சைட் வரலடா, உனக்கு வருதா?" என்று ஹாஸ்டலில் கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் இதுதான். அதனால் ஸ்கிரிப்ட் ஒரு தடவை 301 பார்த்ததும் டைரியை அழிக்க வேண்டாம். பார்த்த தேதியோடு ஒரு ஓரத்தில் குறித்து வைக்கட்டும். ஒரு வாரம், தினமும் ஒரு தடவை, அதே பதில் வந்தால், கடைசி முகவரியில் 200-ம் கிடைத்தால், மாற்றட்டும். பழைய முகவரியைத் தூக்கிப் போடாமல் பக்கத்தில் வைத்திருக்கட்டும்.

காலேஜ் வைஃபையில் இதை ஓட்டும்போது இன்னும் ஜாக்கிரதை. லாகின் ஆகாமல் இருந்தால் நீங்கள் எந்த முகவரியைக் கேட்டாலும் அது தன் லாகின் பக்கத்துக்குத் திருப்பும். ஒழுங்கான அமைப்பு அதற்குத் தற்காலிக எண்ணைத்தான் தரும். ஒழுங்கில்லாத அமைப்பு 301 கொடுத்தால், ஐந்து வருஷம் சேர்த்த சுட்டிகள் அத்தனையும் ஹாஸ்டல் லாகின் பக்கமாக மாறிவிடும். அதே மாதிரி, காலாவதியான டொமைனை யாரோ வாங்கி, வருகிறவர்களை ரம்மி தளத்துக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. எண்ணைப் பார்த்தால் நிரந்தரம்தான். ஹோஸ்ட் பெயர் முழுசாக மாறியிருந்தால் ஸ்கிரிப்ட் தானாக மாற்றாமல் ஒரு மனுஷன் கண்ணில் காட்டட்டும் என்பது என் கட்சி.

ஹோஸ்ட் பெயர் நியாயமாகவே மாறும் சந்தர்ப்பமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அதன் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் போர்ட்டல் முன்பு டாட் காம் என்று முடியும் முகவரியில் இருந்தது, பிறகு அரசுக்கே உரிய ஜிஓவி டாட் இன் முகவரிக்கு வந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அதிலிருந்து டேட்டா எடுக்க சீனியர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பென்டிரைவில் இருந்தால், முதலில் எந்த முகவரி இருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

முகவரியே மாறாமல் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே "கூல் யூஆர்ஐஸ் டோன்ட் சேஞ்ச்" என்று தலைப்பு வைத்து இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். நம்ம ரயில்வே அதை அவருக்கு முன்னாலிருந்தே கடைப்பிடிக்கிறது! 1996-ல் மெட்ராஸ் சென்னையானது. 2019-ல் சென்ட்ரல், புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ஆனது. ஸ்டேஷன் குறியீடு மட்டும் இன்றைக்கும் எம்ஏஎஸ்-தான். போர்டு எத்தனை முறை மாறினாலும் டிக்கெட் புக் செய்யும் எந்த ஸ்கிரிப்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வழிமாற்றச் சோதனையை பைத்தானில் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மார்க் பில்க்ரிம். 2004-ல் ஏப்ரெஸ் வெளியிட்ட அவருடைய "டைவ் இன்டு பைத்தான்" புத்தகத்தில் 301-க்கும் 302-க்கும் ஸ்கிரிப்ட் எப்படித் தனித்தனியாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அத்தியாயமே பிரித்துக் காட்டுவார். ஆன்லைனில் இலவசமாகவே வைத்திருந்தார். 2011 அக்டோபரில் திடீரென்று தன் தளங்கள் எல்லாவற்றையும் அவரே எடுத்துவிட்டார். போய்க் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் 404 இல்லை, 410. "இருந்தது, போய்விட்டது, திரும்ப வராது, தேடாதே" என்று பொருள். காணாமல் போகும்போதும் சரியான எண்ணைச் சொல்லிவிட்டுப் போனவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நல்லவேளை, புத்தகத்தின் உரிமம் அனுமதித்ததால் மற்றவர்கள் அதன் நகல்களை வேறு இடங்களில் ஏற்றி வைத்தார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் 410 பார்த்தால், மறுபடி மறுபடி கதவைத் தட்டாமல் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மில்லில் என்ன ஆனது என்றா? முகவரியில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தோம். ஹெச்டிடிபி முடிவில் ஒரு எஸ். பின்தொடர்வதை நிறுத்தினோம். சர்வர் தரப்பில் பேசி, டேட்டாவை உண்மையாகவே வாங்கி வைத்தால் 200-க்குப் பதிலாக 201 சொல்லும்படி மாற்றச் சொன்னோம். 201 வராத எதையும் ஸ்கிரிப்ட் இனி "அனுப்பியாச்சு" என்று எழுதாது. மெமோவை சூப்பர்வைசர் கிழித்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. மறுநாள் மேஜையில் அது இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் போன 11 நாள் போனதுதானே? லாகர் பழையதை வைத்துக்கொள்ளாத வகை, ஸ்கிரிப்டும் எதையும் சேமிக்கவில்லை. அப்போது அந்த ஆபரேட்டர் அண்ணன் லாக்கரிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். மணிக்கு ஒரு தடவை ஃபர்னஸ் மீட்டரைப் பார்த்துக் கையால் எழுதி வைப்பது மில்லின் பழைய வழக்கமாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் கேட்பதில்லை, ஆனால் மூன்று ஷிஃப்ட்காரர்களும் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. 11 நாளுக்கு 264 வரி. அவர் வாசிக்க வாசிக்க நான் டைப் பண்ணினேன். 1,056-க்கு 264 கிடைத்தது. நடுவில் டீ வந்தது.